தூண்களும் தூசியும்

கழுகு நெபுலாவின் 'படைப்பின் தூண்கள்' படத்திடம் இரண்டு முறை மயங்கியிருக்கிறேன். 1995இல் ஹப்பிள் எடுத்ததில் தூண்கள் கரும்பழுப்பு மலைகளாக எழுந்து நிற்கும். 2022இல் ஜேம்ஸ் வெப் எடுத்ததில் அவை பாதி கரைந்து, நட்சத்திரங்கள் கொட்டிக் கிடக்கும். "திரை விலகிடுச்சு, இதுதான் நிஜம்" என்று நண்பர்களிடம் சொன்னேன். இப்போது அந்த வாசிப்பு தப்புன்னு தோணுது.

திரை எங்கேயும் போகல. தூசி நீல ஒளியை அதிகம் மறிக்கும், சிவப்பைக் குறைவாக, வெப் பார்க்கும் அகச்சிவப்பை இன்னும் குறைவாக. நிறமாலையை வைத்து ஒரு நட்சத்திரத்தின் இயல்பான நிறத்தை அறிந்துகொண்டால், அது எவ்வளவு கூடுதலாகச் சிவந்திருக்கிறது என்று அளக்கலாம். அந்த அளவை 3.1ஆல் பெருக்கினால் வழியில் தொலைந்த ஒளி கிடைக்கும் என்பது வழக்கமான கணக்கு.

ஆனால் இளம் நட்சத்திரங்கள் பிறக்கும் அடர்ந்த மேகங்களில் தூசித் துகள்கள் பருத்திருக்கும். சில இடங்களில் அந்த எண் 5ஐயும் தாண்டும். அங்கே 3.1ஐப் போட்டால், பிரகாசமான நட்சத்திரத்தை மங்கலானது என்று எழுதிவிடுவோம். அதன் நிறையும் வயதும்கூடப் பிழையாகிப்போகும்.

ஆக, எந்தப் படம் நிஜம் என்பது கேள்வியே இல்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைத்தான் வாசிக்கணும். தூசியின் கதை அங்கேதான் இருக்கு. ஹப்பிள் படத்தைப் பழசு என்று ஃபோனிலிருந்து அழித்திருந்தேன். நேற்று மறுபடி இறக்கி, வெப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.