எண்களும் மனிதரும்: கற்பனைப் பேஸ்போல் நூல்களும் அவற்றின் வாசகரும்

ஒரு நூலின் தரத்தை நிர்ணயிக்கும் உரிமை விமர்சகனுக்கு மட்டும் உரியதன்று. ஒரு தொழிலிலோ பொழுதுபோக்கிலோ தோய்ந்தவர்கள் தமது துறை பற்றிய நூல்களைப் படிக்குமிடத்துத் தமக்கெனச் சில அளவுகோல்களை வகுத்துக்கொள்கின்றனர். அழகியல் நூல்களில் அவ்வளவுகோல்களுக்கு இடமில்லை. எனினும் அவற்றைப் பொருட்படுத்தாத திறனாய்வு வாசகருள் பெரும்பகுதியினரைப் பொருட்படுத்தாததாகவே முடியும். அமெரிக்காவிலே கற்பனைப் பேஸ்போல் ஆடுவோர் தமது ஆட்டத்தைப் பற்றிய நூல்களை மதிப்பிடும் முறை இவ்வகையில் ஆராயத்தக்கது.

பேஸ்போல் பந்தெறிபவருக்கும் அடிப்பவருக்கும் இடையிலான தனிப்போர்களின் தொடராகும். ஆதலால் ஒவ்வொரு வீரரின் பங்கையும் தனித்தனியே எண்ணாற் குறித்துவிட முடிகின்றது. இவ்வியல்பே கற்பனை ஆட்டத்தின் அடிப்படை. 1960ஆம் ஆண்டிலே ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய சமூகவியலாளர் வில்லியம் காம்சன், உண்மை வீரரைத் தாளில் விலைக்கு வாங்கி அவர்களின் பெறுபேறுகளைக் கொண்டு போட்டியிடும் ஆட்டமொன்றைத் தம் நண்பர்களுடன் தொடங்கினார். பின்னர் அது மிச்சிக்கன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றது. அங்கு பயின்ற டானியல் ஓக்ரென்ட் 1980 இல் நியூயோர்க்கில் அதனைப் புதிய உருவில் அமைத்தார். நண்பர்கள் கூடிய உணவகத்தின் பெயரால் அது றொட்டிசரி லீக் எனப்பட்டது. நிலைபெற்ற விதிகளின்படி ஒவ்வொருவரும் 260 டொலர் வரம்புக்குள் 23 வீரரை ஏலத்தில் எடுத்தல் வேண்டும். 1984 இல் விதிகளும் வேடிக்கையும் கலந்து அவர்கள் வெளியிட்ட நூல் இவ்வாட்டத்தை நாடெங்கும் பரப்பியது.

இத்தகைய வாசகர் ஒரு நூலிடம் எதிர்பார்ப்பவை மூன்று எனலாம். முதலாவது பயன். ஏலத்துக்கு முன் படிக்கப்படும் கைந்நூல், எவருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று சொல்லுதல் வேண்டும். அடுத்த ஆண்டு அது பழந்தாளாகிவிடும். இரண்டாவது துல்லியம். ஓர் எண் பிழைத்தால் நூல் முழுவதிலும் ஐயம் பிறக்கும். மூன்றாவது, தம்மைத் தாமே கண்டுகொள்ளும் மகிழ்ச்சி. பிறருக்குப் பைத்தியமாகத் தோன்றும் தமது ஈடுபாட்டை நகைச்சுவையோடு எடுத்துரைக்கும் நூலை அவர்கள் உறவினர் போல வரவேற்பர். இம்மூன்றும் இழிவான அளவுகோல்கள் அல்ல. துல்லியத்தை வற்புறுத்தும் வாசகன், மேலோட்டமான சொற்சிலம்பத்தில் மயங்கும் வாசகனிலும் மேலானவன்.

எண்களை நேசிப்போர் மனிதரை மறந்தோர் என்று எளிதிற் கூறிவிடவும் இயலாது. பில் ஜேம்ஸ், தகரத்திலடைத்த உணவுத் தொழிற்சாலையொன்றிற் காவலாளியாக இருந்த காலத்தில், 1977 இல் தாமே அச்சிட்டு வெளியிட்ட ஆண்டேட்டிலே, வழிவழி வந்த நம்பிக்கைகளை எண்களைக் கொண்டு சோதித்தார். மைக்கல் லூயிஸ் 2003 இல் எழுதிய ‘மணிபோல்’ ஓக்லண்ட் அணியின் கதை. முழங்கை நரம்பு பாதிக்கப்பட்டுத் தம் பழைய இடத்தில் ஆட முடியாதுபோன ஸ்கொட் ஹற்றபேர்க் அதில் வருகின்றார். பிற அணிகள் கைவிட்ட அவருக்குப் புதிய வாழ்வு தந்தது, அவரது பொறுமையான துடுப்பாட்டத்தை மதிப்பிட்ட கணக்கேயாகும். எண்ணும் நீதி செய்யும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. கற்பனை ஆட்டக்காரர் இந்நூலிலே தமது வழிமுறைக்குக் கிடைத்த அங்கீகாரத்தைக் கண்டதில் வியப்பில்லை.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. ஓக்லண்டின் கணக்கு ஹற்றபேர்க்குக்கு வேலை தந்தது. கற்பனை ஏலத்தின் கணக்கோ வீரருக்கு எதனையும் தருவதில்லை. அங்கே ஒருவரின் தோள் காயமடைவது அவரை ‘வாங்கியவரின்’ நட்டமாகவே பதிவாகின்றது. பத்திரிகையாளர் சாம் வோக்கரின் ‘ஃபன்ரசிலாண்ட்’, 2006 இல் வெளிவந்தது, இவ்விடத்தைத் தொடுகின்றது. நிபுணர் ஆடும் போட்டியொன்றிற் சேர்ந்த அவர், தாம் ‘வாங்கிய’ வீரரை நேரிற் சந்தித்து அவர்களை மனிதராக அறிந்துகொள்ள முயன்றார். அவரது முயற்சி ஆர்வலருக்கு நல்ல நகைச்சுவையாக அமைந்தது. எனினும் மனிதரை அறிதலும் அங்கு வெற்றிக்கான உபாயமாகவே தொடங்குகின்றது என்பதே அந்நூலின் எல்லையாகும்.

அவ்வெல்லையைக் கடந்த படைப்பு, றொட்டிசரி லீக்குக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றிவிட்டது. றொபேட் கூவர் 1968 இல் எழுதிய நாவலின் நாயகன் ஹென்றி வோ ஒரு கணக்காளன். தனிமையிலே தாயக்கட்டைகளை உருட்டித் தானே படைத்த ஒரு லீக்கை நடத்துகின்றான். அவன் பெரிதும் நேசிக்கும் இளம் பந்தெறிவாளன் டேமன் ரதர்ஃபோர்ட், தலையிற் பந்து பட்டு இறக்கவேண்டும் எனக் கட்டைகள் தீர்ப்பளிக்கின்றன. துயரம் தாளாத ஹென்றி, அப்பந்தை எறிந்தவனைக் கொல்லும்பொருட்டுக் கட்டையொன்றைத் தன் கையாலேயே திருப்பி வைக்கின்றான். விதி மீறப்பட்ட அக்கணமே நாவலின் உயிர்நிலை. ஆட்டக்காரனுக்கு அது மோசடி. மனிதனுக்கோ அது துக்கம்.

பயன், துல்லியம், தன்னைக் காணும் மகிழ்ச்சி ஆகிய மூன்றையும் கொண்டு இந்நாவலை அளக்கப் புகுந்தால், முதலாவது பயன்படாது. இரண்டாவது, கதையின் கணக்குகள் கற்பனையானவை என்பதால், பொருந்தாது. மூன்றாவது பொருந்தும்; ஆனால் அங்கு வாசகன் காணும் தன்னுருவம் மகிழ்ச்சி தருவதன்று, அச்சம் தருவது. வேலையையும் நட்பையும் இழந்துகொண்டிருக்கும் ஹென்றியிடம் தன்னைக் காண எவரும் விரும்பார். ஆகவே ஆர்வலர் ஒருவர் இந்நாவலை விலக்கிவைப்பின், அதனை அறியாமை என இகழ்தல் நியாயமன்று. நூல் அவரைச் சரியான இடத்திலே தொட்டுவிட்டது என்றே கொள்ளல் வேண்டும்.

ஆர்வலரின் அளவுகோல்கள் கைந்நூலுக்கும் வரலாற்றுக்கும் போதுமானவை. அவற்றை விமர்சகன் கற்றுக்கொள்ளலாம். தகவற் பிழை மலிந்த நூலை நடையழகுக்காக மன்னிக்கும் வழக்கம் அதனாற் குறையும். பதிலாக விமர்சகன் அவர்களிடம் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுண்டு: 23 பெயர்களைக் கொண்ட பட்டியலில் ஒருவர் காயமுற்று விழும்பொழுது, முதலில் நினைவுக்கு வருவது புள்ளியா, அவரா? இக்கேள்வியை எழுப்பும் நூலே அத்துறையில் இலக்கியமாக நிலைக்கும்.