கவிழ்ந்த சீட்டை ரசிப்பது எப்படி?

கசினோவின் போக்கர் அறையை ரசிக்க வேண்டுமென்றால் முதலில் தொலைக்காட்சிப் போக்கரை மறந்துவிட வேண்டும். அதில் கேமரா ஒவ்வொருவர் சீட்டையும் காட்டிக்கொடுத்துவிடும். யார் ஜெயிக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்ற கணக்கும் திரையில் ஓடும். லாஸ் வேகஸின் கலகலப்பான அறைகளில் அந்த வசதி இல்லை. பெரும்பாலும் ஆடப்படும் டெக்ஸஸ் ஹோல்டமில் ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்ந்து கிடக்கும், நடுவில் பொதுவாக ஐந்து சீட்டு விரியும். கையில் இரண்டு ஏஸ் சேர்ந்து வர 221 ஆட்டத்துக்கு ஒருமுறைதான் வாய்ப்பு. மணிக்கு 30 ஆட்டம் என்று வைத்தாலும் ஏழு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அதனால் நல்ல ஆட்டக்காரர்கள் பெரும்பாலான சீட்டுகளைத் தள்ளிவிட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். ஆடுகிறவரே பாதிக்கு மேற்பட்ட நேரம் பார்வையாளர்தான். பந்தய வில்லைகளான சிப்ஸை ஒற்றைக் கையால் கோத்துக் கோத்துக் கலைக்கும் அந்த ஓயாத சடசடப்பு, சும்மா உட்கார்ந்திருக்கும் விரல்களின் சத்தம். அப்படியானால் சலிப்புதானே என்று கேட்கலாம். சீட்டை மட்டும் எதிர்பார்த்தால் சலிப்புதான். பந்தயத்தைக் கதையாகப் படித்தால் அப்படியில்லை: யார் எப்போது ஏற்றினார், எவ்வளவு ஏற்றினார், போன சுற்றில் தயங்கியவர் இந்தச் சுற்றில் ஏன் தயங்கவில்லை?

2003 உலகப் போக்கர் தொடரின் இறுதியாட்டம் நல்ல உதாரணம். பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ கசினோவில் 839 பேர் மோதி, கடைசியில் எஞ்சியவர்கள் இருவர்: டென்னசி கணக்காளர் கிறிஸ் மனிமேக்கர், தொழில்முறை ஆட்டக்காரர் சாம் ஃபார்ஹா. ஓர் ஆட்டத்தில் மனிமேக்கரிடம் ராஜாவும் ஏழும். ஐந்து ஸ்பேடு சேரும் ஃபிளஷுக்கும் தொடர் வரிசைக்கும் காத்திருந்தார், இரண்டுமே அமையவில்லை. ஃபார்ஹாவிடம் ஒன்பது ஜோடி. மனிமேக்கர் இருந்த சிப்ஸ் அத்தனையையும் நடுவே தள்ளினார். எதிராளிக்கு ஃபிளஷ் தப்பிவிட்டதோ என்று வாய்விட்டே சந்தேகப்பட்ட ஃபார்ஹா, கடைசியில் சீட்டைத் தள்ளிவிட்டார். சீட்டு தெரிந்த தொலைக்காட்சி ரசிகருக்கு இது துணிச்சலான பொய். தெரியாமல் பார்த்தவருக்கோ, ஃபார்ஹாவின் சந்தேகமும் ஒதுங்கலும் இரண்டுமே நியாயம். அந்த இரண்டையும் ஒருசேர மனத்தில் நிறுத்த முடிந்தவருக்குத்தான் ஆட்டம் பிடிபட்டது என்பேன். (பொய் சொல்வதைவிட, பொய்யோ என்ற சந்தேகத்தோடே ஒதுங்குவது கடினமான வேலை. யாரும் அதற்குக் கைதட்டுவதில்லை.)

என்ன சொன்னாலும் சூதாட்டம்தானே என்ற ஆட்சேபத்தை ஒதுக்க முடியாது. போக்கரில் கசினோ எதிராளி இல்லை. ஆனால் பந்தயத் தொகையிலிருந்து ஒரு பங்கையோ, இருக்கைக்கு நேர வாடகையோ எடுத்துக்கொள்கிறது. எனவே மேஜையில் உள்ள எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் நஷ்டம்தான். திறமை என்பது அந்த நஷ்டம் யார் தலையில் விழும் என்பதை மட்டும் தீர்மானிக்கிறது. இது ஆடாமல் ரசிப்பதற்கான காரணமே தவிர, ரசிக்காமல் இருப்பதற்கானது இல்லை. தடுப்புக் கம்பிக்கு வெளியே நின்று பார்க்கப் பல இடங்களில் தடையில்லை. ஒரே ஒருவரைத் தேர்ந்து அரை மணி நேரம் பின்தொடருங்கள். ஒதுங்கும் ஆட்டங்களையும் கணக்கில் வையுங்கள். ஆட்டம் நடக்கும்போது மட்டும் வாய் திறக்கக் கூடாது, டீலர் முறைப்பார்.