‘அசடன்’ நாவலும் வலிப்பு நோயும்

நோயைப் பற்றி எழுதுவோர் இருவகையினர். அருகில் நின்று கண்டதை எழுதுவோர் ஒரு வகையினர். நோய்க்கு ஆளாகி, அதனை உள்ளிருந்தே எழுதுவோர் மற்றொரு வகையினர். வலிப்பு நோயைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு மிகப் பெரிது. வலிப்பு வந்தவன் தான் விழுந்ததைக் காண்பதில்லை. கண்டவர்களோ அவன் உணர்ந்ததை அறிவதில்லை.

ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தை எடுத்துக்கொள்வோம். சீசர் சந்தை வெளியில் விழுந்தார், வாயில் நுரை தள்ளியது, பேச்சற்றுப் போனார் என்று காஸ்கா வந்து சொல்கிறான். வலிப்பு மேடையில் நிகழவில்லை; ஏளனம் கலந்த செய்தியாகவே வருகிறது. சீசர் என்ன உணர்ந்தார் என்று கேட்பார் அங்கே எவருமில்லை.

ருஷ்ய நாவலாசிரியர் தாஸ்தாயெவ்ஸ்கி (1821–1881) இந்நோயால் பல்லாண்டு வருந்தியவர். 1868, 1869ஆம் ஆண்டுகளில் தொடராக வெளிவந்த அவருடைய நாவலை, எம். ஏ. சுசீலா ‘அசடன்’ என்னும் பெயரில் தமிழாக்கியுள்ளார். அதன் நாயகன் மிஷ்கினுக்கு வலிப்பு வருமுன் ஒரு கணம் உள்ளமெல்லாம் ஒளி பெருகுகிறது; ஐயங்கள் அடங்கிப் பேரமைதி தோன்றுகிறது. விடுதி மாடிப்படியில் ரகோஷின் கத்தியை ஓங்கும்போது அவன் அலறி விழுகிறான். அந்த அலறலின் தொடக்கம் மட்டுமே அவன் நினைவில் நிற்கிறது. கண்டவர் நடுங்குவதையும் ஆசிரியர் மறைக்கவில்லை. அகமும் புறமும் ஒரே இடத்தில் காட்டப்படுவது இப்பகுதியின் சிறப்பு.

இந்நாவலைப் போற்றுவோர் பலர் அந்த ஒளிமிகுந்த கணத்தையே எடுத்துப் பேசுகின்றனர். அதன் பின் வரும் மந்தத்தையும் மன இருளையும் மிஷ்கின் நன்கு அறிந்திருக்கிறான் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். பேரின்ப உணர்வு மிகச் சிலருக்கே வாய்ப்பது. வேறு பலருக்கு முன்னறிகுறியாக வருவது காரணமற்ற அச்சம், இல்லாத நாற்றம், வயிற்றிலிருந்து மேலெழும் ஓர் உணர்வு முதலியன. எவ்வித அறிகுறியுமின்றி விழுவோரும் உளர். ஆதலால் மிஷ்கினின் அனுபவத்தை எல்லார்க்கும் பொதுவாகக் கொள்ளுதல் பிழை.

மற்றொரு குறையும் உண்டு. கதை முடிவில் மிஷ்கினின் அறிவே சிதைந்துபோகிறது. இதனைப் படிப்போர், வலிப்பு உள்ளவர் அனைவரும் இறுதியில் அறிவிழப்பர் என்று எண்ணிவிடக் கூடும். அது உண்மையன்று. மூளையின் நரம்பணுக்களில் மின்துடிப்பு ஒழுங்கு தவறிப் பெருகுவதே வலிப்பு. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு. தக்க சிகிச்சை கிடைப்பின் 100 பேரில் 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

ஆசிரியராகிய நமக்கு இந்நாவல் எதற்கு என்று கேட்கலாம். வகுப்பில் ஒரு மாணவன் விழுந்தால் நாம் காண்பது காஸ்கா கண்டதையே. அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்தல் வேண்டும். வாயில் எதையும் திணித்தலாகாது. இரும்பைக் கையில் கொடுப்பதால் பயனில்லை. 5 நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவ உதவியை நாடவேண்டும். இவை எளிதில் கற்கத்தக்கவை. ஆனால், சில நொடிகள் மட்டும் விழி நிலைத்து, பேச்சு நின்று, பின் ஒன்றும் நடவாததுபோல் தொடரும் வலிப்பும் உண்டு. விழுதலும் நுரையும் இல்லாத அதனைக் காஸ்காவின் கண் காணாது. ‘பகற்கனவு காண்கிறான்’ என்று நாமும் தண்டித்துவிடுவோம். வலிப்பு ஓய்ந்தபின் சோர்ந்திருப்பவனை, ‘ஏன் பதில் சொல்லவில்லை?’ என்று அதட்டுவதும் அத்தகையதே.

புறத்தே கண்டதைக் கொண்டு ஒருவனை அளந்துவிடாதே என்பதே இந்நாவல் நமக்குக் கற்பிக்கும் பாடம். மாணவன் எழுந்தபின் அவனருகில் அமர்ந்து, அவன் உணர்ந்ததை அவன் வாயாலேயே சொல்லக் கேட்கும் ஆசிரியரே இந்நாவலைச் செவ்வனே படித்தவர் ஆவார்.