யோசனை சொல்லும் பெஞ்சு

"நல்லாச் சாப்பிடு, காலையில நட, நேரத்துக்குத் தூங்கு, சும்மா யோசிச்சிட்டே கிடக்காதே." ஏழைப் பெண்ணின் மனச்சோர்வுக்கு ஆரோக்கிய ஆலோசகர்கள் தருகிற மருந்து இதுதான். இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் சோறில்லாததும் படுக்க இடமில்லாததும் 'பழக்கம்' என்ற சொல்லுக்குள் நைசாகப் புகுந்துவிடுகின்றன. வறுமை அவளுடைய கெட்ட பழக்கமாகிவிடுகிறது. அதிகாரத்தின் சொல்லாடல் இப்படித்தான் இயங்குகிறது: சமூகத்தின் குற்றத்தைப் பெண்ணுடலின் குறையாக எழுதுகிறது.

ஜிம்பாப்வேயில் இதற்கு ஒரு மாற்று நிகழ்ந்தது. 2005இல் முகாபே அரசு 'முரம்பட்ஸ்வினா', அதாவது குப்பையைத் துரத்துதல், என்ற பெயரில் நகர்ப்புற ஏழைகளின் குடிசைகளையும் கடைகளையும் இடித்துத் தள்ளியது. வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்தவர்கள் சுமார் 7 லட்சம் பேர் என்று ஐ.நா. மதிப்பிட்டது. மறு ஆண்டு ஹராரேயின் ம்பாரே பகுதியில், மனநல மருத்துவர் டிக்ஸன் சிபாண்டா 14 பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்தார். சுகாதார நிலையத்துக்கு வெளியே, ஒரு மரப் பெஞ்சு. அவ்வளவுதான்.

'மனநலப் பெஞ்சு' என்றதும் ஜனங்கள் ஒதுங்கினார்கள். பாட்டிகள்தான் பெயரை மாற்றச் சொன்னார்கள். ஷோனா மொழியில் அது 'சிகாரோ செகுபனமசானோ'. 'குபா' என்றால் கொடுப்பது. 'குபனா' என்றால் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வது. மேலிருந்து இறங்கும் அறிவுரையை இந்த ஒரு விகுதி உடைத்துப் போடுகிறது. நோய்க்கும் அங்கே சொந்தச் சொல் உண்டு: 'குஃபுங்கிசிசா', அளவுக்கு மீறி யோசித்தல். யோசிக்காதே என்று பாட்டி சொல்வதில்லை. என்னத்த யோசிக்கிறே என்று கேட்கிறாள். பசி, எச்.ஐ.வி., புருஷனின் அடி என்று வந்தவளே பட்டியலிடுகிறாள். ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறாள். வழியையும் அவளே தேடுகிறாள்.

24 சுகாதார நிலையங்களில் 573 பேரிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. பெரும்பாலோர் பெண்கள். 6 மாதம் கழித்து மனச்சோர்வோடு இருந்தவர்கள், பெஞ்சுக்கு வந்தவர்களில் சுமார் 14 சதவீதம். வழக்கமான சிகிச்சையைச் சற்றே மேம்படுத்திப் பெற்றவர்களில் சுமார் 50 சதவீதம். இதைச் 'சீர்திருத்தவாதம்' என்று புறங்கையால் தள்ளும் தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குப்பை என்று பெயர் சூட்டப்பட்டவள் சாகாமல் இருப்பதும் அரசியல்தான்.

ஆனாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. ஒருத்தி தன் கைக்கெட்டும் பிரச்சினையைத்தான் பெஞ்சில் தீர்க்க முடியும். புல்டோசரை அனுப்பியவனை அவள் பட்டியலில் எழுதலாம், தேர்ந்தெடுக்க முடியாது. பெஞ்சிலிருந்து எழுந்த பெண்கள் பிறகு வட்டமாகக் கூடினார்கள். பழைய பிளாஸ்டிக்கைப் பின்னிப் பை செய்துகொண்டே பேசினார்கள். 'என் பிரச்சினை' 'நம்ம பிரச்சினை' ஆவதற்கான வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது. வாய்ப்புதான், உத்தரவாதமல்ல.

அந்த வட்டத்தில் உட்காரும் பொறுமை நமக்கு இருக்கிறதா? துண்டறிக்கையோடு போய், அவள் என்ன யோசிக்க வேண்டும் என்று நாமும் சொல்லத் தொடங்கினால், அந்த ஆலோசகருக்கும் நமக்கும் என்னதான் வித்தியாசம்?