போக்கிடம் என்னும் வினா: அனுராதா ரமணனின் புனைவும் இதழியலும்

ஆய்வுச் சுருக்கம்

புனைகதையாளராகவும் இதழாசிரியராகவும் ஆலோசனைப் பத்தியாளராகவும் இயங்கிய அனுராதா ரமணன் (1947–2010), கதையில் மணவுறவை உதறும் பெண்ணைப் படைத்தவர். பொதுவாழ்வில் மணமுறிவுக்கு எதிராகப் பேசியவர். இதனை முரண் என்று கூறிக் கடந்துசெல்லும் வாசிப்பு போதுமானதன்று. பெண்ணுக்கு இருக்க இடம் உண்டா என்னும் வினாவை முன்னிறுத்தி அவரது எழுத்துவாழ்வை இக்கட்டுரை அணுகுகிறது.

திறவுச்சொற்கள்: அனுராதா ரமணன், பெண்கள் இதழியல், ஆலோசனைப் பத்தி, வசிப்புரிமை, வெகுசன எழுத்து

முன்னுரை

வெகுசன இதழ்களில் குடும்பம் பற்றி எழுதிய பெண்களைக் குறித்துத் தமிழ்த் திறனாய்வு பேச நேரும்போது, பெரும்பாலும் எண்ணிக்கையைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. வை.மு. கோதைநாயகி அம்மாளுக்கு நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் என்ற குறிப்பு. அனுராதா ரமணனுக்கு ஏறத்தாழ 800 நாவல்கள், 1,230 சிறுகதைகள் என்ற குறிப்பு. இத்தகைய எண் வியப்பையோ ஏளனத்தையோ தோற்றுவிக்கும், வாசிப்பைத் தோற்றுவிப்பதில்லை. இவ்வளவு எழுதியவரின் எல்லா எழுத்தும் ஒரே தரத்தன என்று எவரும் வாதிட மாட்டார். ஆயினும் முப்பது ஆண்டுக்காலம் தமிழ்க் குடும்பங்களின் உள்ளறைகளைப் பற்றி வாரந்தோறும் எழுதிய ஒருவரின் எழுத்தில் திரும்பத் திரும்ப எழும் வினா யாது என்பதையேனும் ஆய்வுலகம் கேட்டிருக்க வேண்டும்.

இதழ்வழி உருவான எழுத்தாளர்

தஞ்சாவூரில் பிறந்த அனுராதா ரமணன் ஓவியம் பயின்றவர். அத்துறையில் இதழ்களில் வாய்ப்புத் தேடியவர், 1977இல் ‘மங்கை’ இதழில் பணியில் சேர்ந்த பிறகே எழுத்தாளரானார். இவ்வரிசை கருதத்தக்கது. எழுதிப் புகழ்பெற்ற பின் இதழுக்கு அழைக்கப்பட்டவரல்லர் அவர். இதழின் தேவையே அவரை எழுதவைத்தது. பக்க அளவு, வாரக் கெடு, படிப்பவர் யார் என்ற தெளிவு ஆகியவை அவரது நடையைத் தொடக்கத்திலேயே வரையறுத்தன.

‘சுபமங்களா’ இதழின் வரலாறு இங்கு நினைவுகூரத்தக்கது. 1991 முதல் 1995 வரை கோமல் சுவாமிநாதனை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்த அவ்விதழ், நவீனத் தமிழிலக்கிய வரலாற்றில் தனியிடம் பெற்றது. அதற்கு முன்னர் அனுராதா ரமணனின் ஆசிரியப் பொறுப்பில் அது பெண்கள் இதழாக வெளிவந்தது. இலக்கிய வரலாறுகள் கோமலிலிருந்தே சுபமங்களாவைத் தொடங்குகின்றன. முந்தைய கட்டம் பெரும்பாலும் ஒரு துணைவாக்கியமாகச் சுருங்கிவிடுகிறது. கோமலின் பங்களிப்பு பெரிது என்பதில் ஐயமில்லை. எனினும் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் வெளிவந்த இரு இதழ்களில் ஒன்று ‘இலக்கியம்’ ஆகவும் மற்றொன்று அதன் முன்கதையாகவும் மட்டும் எஞ்சியது எவ்வாறு என்பது தற்செயலாக விட்டுவிடத்தக்க செய்தியன்று.

சிறை, கூடு, வீடு

ஆனந்த விகடனில் தங்கப்பதக்கம் பெற்ற ‘சிறை’ சிறுகதை, 1984இல் ஆர்.சி. சக்தியின் இயக்கத்தில் திரைப்படமானது. ‘கூட்டுப் புழுக்கள்’ 1987இல் அவராலேயே படமாக்கப்பட்டது. அனுராதா ரமணனின் எழுத்தை அடிப்படையாகக் கொண்டு கே. பாலசந்தர் 1990இல் இயக்கிய ‘ஒரு வீடு இரு வாசல்’, சமூகப் பிரச்சினைகள் சார்ந்த சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. தலைப்பை யார் இட்டிருப்பினும், மூன்றும் உறைவிடத்தைச் சுட்டுவன என்பது வெளிப்படை. காதலோ கற்போ தாய்மையோ தலைப்பில் இல்லை. அடைபட்ட இடமும் அதன் வாசலுமே உள்ளன.

‘சிறை’யின் கதை பலரும் அறிந்தது. அந்தோணியால் வன்புணர்வுக்கு உள்ளான பாகீரதியைக் கணவன் கைவிடுகிறான். அவள் நேரே அந்தோணியின் வீட்டுக்குச் சென்று அங்கேயே தங்குகிறாள். அவன் அவளைத் தீண்டாது காக்கிறான். அவன் இறந்தபின் திரும்பிவரும் கணவனை அவள் ஏற்க மறுக்கிறாள். திரைப்படத்தில் தாலியைக் களைந்தெறிந்து, அந்தோணியின் விதவையாக வாழத் துணிகிறாள்.

இம்முடிவு புரட்சி என்று பாராட்டப்பட்டதுண்டு. குற்றமிழைத்தவனையே காவலனாக்கி அவன் திருந்தியதைப் பெண்ணின் வாழ்நாளைக் கொண்டு மெய்ப்பிக்கும் கதை என்ற மறுப்பும் வலுவானது. அதை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆனால் இரு தரப்பாரும் தாலியைப் பார்க்கும் அளவு வீட்டைப் பார்ப்பதில்லை. கணவன் கைவிட்ட கணத்தில் பாகீரதி முன் நிற்கும் முதற்சிக்கல் மானம் அன்று, இரவு எங்கே தங்குவது என்பதே. தன்னை அழித்தவனிடம் அவள் கேட்பது மன்னிப்பையன்று, கூரையை. அந்தக் கூரை கிடைத்த காரணத்தாலேயே, பின்னாளில் கணவனை மறுக்கும் வலிமை அவளுக்கு வாய்க்கிறது. தங்குமிடம் இல்லாத பாகீரதி என்ன சொல்லியிருப்பாள் என்று எண்ணிப்பார்த்தால், கதையின் துணிவு எதன்மேல் நிற்கிறது என்பது விளங்கும்.

பத்தியின் இலக்கணம்

தினமலர் வாரமலரில் ‘அன்புடன் அந்தரங்கம்’ பகுதியில் அனுராதா ரமணன் வாசகர் கடிதங்களுக்கு விடையளித்தார். இத்தகைய பத்திகளுக்கென ஓர் இலக்கணம் உண்டு. எழுதுபவர் பெயரும் ஊரும் மறைக்கப்படும். விடையளிப்பவர் அம்மா என்றோ சகோதரி என்றோ விளிக்கப்படுவார். எனவே விடையும் உறவின் குரலில்தான் அமைய வேண்டும். கணவர், மாமியார் தரப்பு கேட்கப்படாது. ஆலோசனைக்குப் பின் நிகழ்ந்தது பெரும்பாலும் தெரியவராது. புனைகதையாளர் தம் பாத்திரத்துக்கு ஒரு வீட்டைக் கொடுத்துவிட முடியும். பத்தியாளரால் அது முடியாது. கடிதம் எழுதியவரிடம் என்ன இருக்கிறதோ, அதைக்கொண்டே விடை சொல்ல வேண்டும்.

அவரது மணமுறிவு எதிர்ப்பை இப்பின்னணியில் வைத்துப் பார்ப்பது பொருந்தும். சென்னை–அரக்கோணம் புறநகர் இருப்புப்பாதையில் திருநின்றவூரை அடுத்துள்ள வேப்பம்பட்டு போன்ற ஊரை எடுத்துக்கொள்ளலாம். கடன் வாங்கி மனை வாங்கி, மாமனார் பெயரில் பத்திரம் பதிந்து கட்டப்பட்ட வீடு ஒன்றில் வாழும் மருமகள் ஞாயிற்றுக்கிழமை வாரமலரைப் படிப்பதாகக் கொள்வோம். அவ்வீட்டை விட்டு வெளியேறு என்பதும் பொறுத்திரு என்பதும் அவளைப் பொறுத்தவரை கொள்கைகள் அல்ல. இரண்டுக்கும் மாதவாடகைக் கணக்கு ஒன்று உண்டு. பிறந்தகத்திலும் உறுதியில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு கொண்டுவந்த 1989ஆம் ஆண்டுத் திருத்தம் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு அளித்ததெனினும், 25.03.1989க்கு முன் மணமானவர்களை விலக்கியது. ‘மங்கை’ காலத்தில் மணமேடை ஏறிய தலைமுறை முழுவதும் அவ்வரம்புக்கு வெளியே நின்றது. 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தமே அந்த விலக்கை நீக்கியது.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் 26.10.2006 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் பிரிவு, உரிமைப்பத்திரம் இல்லாவிடினும் பகிர்ந்து வாழும் இல்லத்தில் வசிக்கும் உரிமையைப் பெண்ணுக்கு வழங்கியது. இரண்டு மாதங்களுக்குள், 2006 டிசம்பரில், பாத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் மாமியாருக்குச் சொந்தமான வீடு அவ்வரையறைக்குள் வாராது என்று தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பு 2020 அக்டோபரில் அகுஜா வழக்கில்தான் மாற்றப்பட்டது. அனுராதா ரமணன் மறைந்தது 2010 மே மாதம். ஆகவே அவரது இறுதி ஆண்டுகளில், மேற்குறித்த வேப்பம்பட்டு மருமகளுக்குச் சட்டம் தந்த கதவை நீதிமன்றம் ஏறக்குறைய சாத்தியிருந்தது. ‘சேர்ந்து வாழப் பார்’ என்னும் அறிவுரை அக்காலத்தில் பழைமைவாதமாக மட்டும் இருந்திருக்க இயலாது.

இதனால் பத்தியின் குறை மறைந்துவிடாது. வீடு ஒருத்திக்கு இல்லாமற்போனது எவ்வாறு என்ற வினா, தனிக்கடிதத்துக்குத் தனிவிடை என்னும் வடிவத்தில் எழ வாய்ப்பில்லை. நூறு பெண்கள் நூறு வாரங்களில் ஒரே சிக்கலை எழுதினாலும், பத்தி அதை நூறு குடும்பங்களின் தனித்தனிச் சண்டையாகவே அச்சிடும். பொறுமையின் பங்கு பெண்ணிடம் மிகுதியாகக் கோரப்படுவதும் அவ்வடிவத்தின் விளைவே. பொறுமை காட்டும்படி சொல்ல எழுதியவர் மட்டுந்தான் எதிரில் இருக்கிறார். உள்ளதைக் கொண்டு விடைகூறும் நேர்மை, உள்ளதையே இயல்பாக்கிவிடும் இடரையும் உடன்கொணர்கிறது. ‘சிறை’யின் ஆசிரியர் இதனை அறியாதவராக இருந்திருக்க முடியாது.

புனைவையும் பத்தியையும் ஒருங்குவைத்து நோக்க, ஆய்வாளருக்கு மூலங்கள் தேவை. நாவல்கள் பழைய புத்தகக் கடைகளிலேனும் கிடைக்கின்றன. ஞாயிறு இணைப்பிதழோ திங்கட்கிழமை பொட்டலம் மடிக்கப் போகிற தாள். 2006க்கும் 2010க்கும் இடைப்பட்ட கடிதங்களைத் திரட்டி, ஒவ்வொன்றிலும் வீடு யாருடையது, எழுதியவருக்கு வருமானம் உண்டா, பிறந்தகம் திறந்திருந்ததா என்று பகுத்து, விடை எவ்விடத்தில் மாறுகிறது என்று பார்த்தால், அவரது மணமுறிவு எதிர்ப்பு கொள்கையா, கணக்கா என்பதைச் சான்றோடு கூற இயலும்.