தமிழ்க் குறியாக்க மாற்றம்: மதிப்பீடு

பழைய எழுத்துருக் குறியாக்கங்களில் உள்ள தமிழ்க் கோப்புகளை ஒருங்குறிக்குக் கொண்டுவருவது குறியாக்க மாற்றம். 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம், திஸ்கியில் வெளியிட்ட மின்னூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றியது. தமிழக அரசு 2010-ல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது.

வரிசை

திஸ்கி, எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கிறது. ஒருங்குறி ஒலிக்கும் வரிசையில் சேமிக்கிறது. தாமிரபரணியின் பழம்பெயரான ‘பொருநை’ திஸ்கியில் ஒற்றைக்கொம்பு, ப, கால், ரு, ஐகாரக் குறி, ந என அமையும். ஒருங்குறியில் ப, ஒகரக் குறி, ர, உகரக் குறி, ந, ஐகாரக் குறி என அமையும். இம்மாற்றத்துக்கு விதியே போதும்.

பொருள்

ஔகாரத்தில் விதி போதாது. ஔகாரக் குறியின் பின்பகுதிக்குப் பலர் ‘ள’ எழுத்தையே தட்டினர். திரையில் வேறுபாடு தெரியவில்லை. அப்படியே மாற்றினால் ‘வெளவால்’ என நிற்கும். ‘வௌவால்’ என்று தேடுபவருக்குக் கிடைக்காது. ‘வெள’ வரும் இடமெல்லாம் ‘வௌ’ ஆக்கினால் ‘வெளி’ சிதையும்.

அகராதி கொண்டு திருத்துவதும் முழுத் தீர்வன்று. புதுமைப்பித்தன் கதைகளில் வரும் நெல்லை வழக்குகளை அக்கருவி பிழையெனக் கருதி மாற்றிவிடக்கூடும். தோற்றம் மாறவில்லை என்பதால் பொருளும் மாறவில்லை எனக் கொள்ள இயலாது. மூலக் கோப்பை அழிக்காமல் வைப்பதும், வட்டார வழக்கு அறிந்தவர் ஒப்பிட்டுப் பார்ப்பதும் இன்றியமையாதவை.