கூதிரும் வெண்டுகிலும்

மலைமேற் படிந்த மூடுபனியை வெண்டுகில் என்று பாடாத தமிழ்ப்புலவர் அரியர். மேகம் போர்வையாகும், அருவி மேலாடையாகும், மலை நங்கையாவாள். மாணவர் கட்டுரைப் போட்டி முதற் கவியரங்கம் வரை இவ்வுவமை ஓயாது வழங்குகின்றது. கேட்போரும் தலையசைக்கின்றனர். இதனைச் சற்றே நிறுத்தி வைத்து ஆராய்தல் வேண்டும் என்பது எம் கருத்து. குளிரிலே வெள்ளை உடுத்தல் உவமையாக அன்றி நாள்தோறும் செய்யுங் காரியமாகவே உள்ள ஓரிடத்தில் நின்று அதனை ஆராய்வோமாக.

அவ்விடம் கினிகத்தேனை. அவிசாவளையிலிருந்து கித்துல்கலை வழியே அட்டனுக்கு ஏறும் வீதியில், தேயிலை மலைகளுக்கு வாயில்போல் அமைந்தது. தீப்பற்றிய சேனை என்னும் பொருளுடைய சிங்களப் பெயரைத் தாங்கிய இவ்வூர், இலங்கையிலே மழை மிகப் பெய்யும் நிலப்பரப்பினுள் அடங்குவது ஒரு வேடிக்கை. அயலிலுள்ள வட்டவளையில் ஆண்டு மழை 5000 மில்லிமீற்றரை ஒட்டியும் மிஞ்சியும் பெய்வதுண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வைகாசியில் எழுந்தால் புரட்டாதி வரை வானம் தெளிவது அரிது. தொல்காப்பியம் குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் உரிய பொழுதாக வகுத்தது. கூதிராவது ஐப்பசியும் கார்த்திகையும். ஆனியும் ஆடியும் முதுவேனில். இம்மலைச் சரிவிலோ அந்த ஆனியும் ஆடியுமே கூதிர். நூலின் வேனில் இங்கே நடுக்கும் குளிராக நிற்கிறது. இலக்கணம் பிழைத்ததென்று கூறவேண்டா. அது வேறு மலையைக் கண்டு எழுதப்பட்டது. இம்மலையைப் பாடப் புகுந்தோர் நூலை மட்டும் கண்டதே குறை.

குளிரையும் ஆடையையும் ஒருங்கே கண்ட பழம்புலவர் நக்கீரர். நெடுநல்வாடையில் அவர் வாடைக்காலத்தைக் காட்டும் முறையை நோக்குக. சாந்து அரைக்கும் கல் வேலையின்றிக் கிடக்கின்றது. யாழ் நரம்பு குளிரால் நிலைகுலைய, மகளிர் அதனை மார்பின் வெம்மையால் இயல்பு நிலைக்குக் கொணர்கின்றனர். கள்ளுண்டு களித்தோர் முன்னும் பின்னும் தொங்கலிட்ட ஆடையராய்த் தூறலைப் பொருட்படுத்தாது தெருவிலே திரிகின்றனர். அரண்மனையுள் அரசமாதேவியோ பூந்தொழிற் பட்டுடுத்த இடையில் மாசேறிய நூலாடை உடுத்திருக்கின்றாள். அம்மாசு பிரிவுத் துயரின் அடையாளம் என்பர், உண்மையே. எனினும் குளிர்காலத்து ஆடையை மாசுடன் காட்டத் துணிந்த புலவர் துணிவே எம்மை வியப்பிக்கின்றது. அப்பாட்டிலே பனி ஆடையாகவில்லை. ஆடை ஆடையாகவே இருக்கின்றது.

இன்னொன்று காண்க. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், இளந்திரையன் பாணருக்கு வழங்கும் கலிங்கத்தை ஆவிக்கு ஒப்பிடுவர். துணியைக் கையிலேந்தி, அதன் மென்மையைக் கண்டு, ஆவியை நினைத்தவர் அவர். எம் காலத்தவர் பனியைத் தொலைவிற் கண்டு துணியை நினைக்கின்றனர். உவமையைத் திருப்பிவிட்டதனால் வந்த இழப்பு சிறிதன்று. முன்னதில் நெய்தவன் கை தெரியும். அத்துணியைப் பெறும் பாணனது வறுமையும் தெரியும். பின்னதில் துணி மறைந்து காட்சி மட்டுமே எஞ்சும்.

மறைந்த அத்துணியைக் கினிகத்தேனையிலே இரண்டு கோலங்களிற் காணலாம்.

ஒன்று யாத்திரை வெள்ளை. மார்கழிப் பூரணையில் தொடங்கி வைகாசிப் பூரணை வரை சிவனொளிபாதமலைக்கு ஏறுவோர் பலர் இவ்வூரைக் கடந்து நோட்டன் பிறிட்ஜ், மஸ்கெலியா வழியாகச் செல்வர். 2243 மீற்றர் உயரத்து உச்சியை விடியுமுன் அடைவதற்காக இரவெல்லாம் ஏறும் அவருட் பலர் வெள்ளையே உடுப்பர். அமெரிக்கர், செப்டெம்பரின் முதல் திங்கட்கிழமை கழிந்தபின் வெள்ளை உடுத்தல் நாகரிகமன்று என்றொரு வழக்கு வைத்திருந்தனர். எம் நாட்டிலோ ஆண்டின் கடுங்குளிர் இரவே வெள்ளைக்கு உரிய இரவாயிற்று. குளிருக்குக் கம்பளித் தொப்பியும் சால்வையும் மேலே வரும். உள்ளே வெண்மை குறையாது. ஆனால் ஒன்று மறக்கலாகாது. அந்த மாதங்களில் மேற்குச் சரிவிலே பகல் பெரும்பாலும் வெயில். தோய்த்த துணி மாலைக்குள் உலரும்.

மற்றையது பள்ளி வெள்ளை. சிறுவருக்கு வெண்சட்டையும் நீலக் காற்சட்டையும், மேல்வகுப்பினருக்கு முழுவெள்ளை, சிறுமியர்க்கு வெள்ளைக் கவுன் என்பது நாடெங்கும் ஒரே விதி. 1993ஆம் ஆண்டு முதல் அரசே சீருடைத் துணியை இலவசமாக வழங்கி வருகின்றது. யாழ்ப்பாணத்து வெயிலுக்கும் கினிகத்தேனை மழைக்கும் துணி ஒன்றே. ஆடி மாதத்தில் லயத்துக் காம்பராவில் அதை உலர்த்துவது எங்ஙனம்? இஸ்தோப்பிற் கட்டினால் சாரல் அடிக்கும். அடுப்பின்மேற் கொடியிலிட்டால் புகையேறி மஞ்சளிக்கும். ஈரத்தோடு மடித்து வைத்தால் கரும்பூஞ்சணப் புள்ளி விழும். விழுந்தது எளிதிற் போகாது. சலவைத்தூள் இட்டால் புள்ளியோடு நூலும் நலியும். நீலம் தோய்த்துப் பழுப்பை மறைக்கும் வித்தை ஒன்று உண்டு. அதுவும் உலர்ந்தாற்றான் பலிக்கும். இத்தனையும் செய்பவள், படங்கு கட்டிக் கம்பளியால் தலையை மூடி நாள்முழுதும் கொழுந்து பறித்து மாலையில் திரும்பும் தாய்.

வெள்ளை வெப்பத்தை ஏற்காதாகையாற் குளிருக்கு ஆகாது என்பார் வாதம் இங்கே பெரிதும் செல்லாது. பகலவனே மறைந்த மூட்டத்தில் நிறத்தால் வரும் வேறுபாடு மிகச் சிறிது. உடலை நடுக்குவது ஈரம். நனைந்த பருத்தி எந்நிறத்ததாயினும் உடற்சூட்டைக் கவர்ந்துவிடும்.

சீருடையின் வெண்மை செல்வரையும் வறியரையும் சமமாக்குகின்றது என்று விழா மேடைகளில் உரைப்பர். துணியளவில் அது மெய், நன்மையும் உண்டு. கிழிந்த நிறச்சட்டையோடு வகுப்பிற் புகுந்து நாணி நின்ற தலைமுறையை அறிந்தோர் அதனை இகழார். ஆயினும் வெண்மையைக் காப்பதற்கு வேண்டுவன வெயில், இடம், நேரம், மாற்றுடை ஆகியன. அவற்றை எவரும் பங்கிட்டு வழங்கவில்லை. காலைக் கூட்டத்திலே மஞ்சளித்த சட்டையைக் கண்டு சோம்பல் என்று தீர்ப்பளிக்கும் ஆசிரியர் உண்டாயின், அவர் அடுப்புப் புகையையே ஒழுக்கக்கேடாகக் கணக்கிடுகின்றார். தென்மேற்குப் பருவம் நீங்கும் வரையேனும் மலைப்பள்ளிகளில் மங்கல் நிற மேற்சட்டைக்கு இடமளித்தால் கல்வியின் தூய்மை கெட்டுவிடாது. யாத்திரிகரின் பக்தி சால்வையாற் கெடவில்லையே.

மலையகத்தைப் பாடுவோரிடம் யாம் கேட்பதும் பெரிதன்று. சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தேயிலைத் தோட்டப் பாட்டு மலையைத் தொழில் நடக்கும் இடமாகக் கண்டது. அப்பார்வை வந்தபின்னும் நங்கையும் வெண்டுகிலும் திரும்பத் திரும்ப வருவது சோர்வையே தருகின்றது. அடுப்புக்கொடியில் தொங்கும் ஈரச்சட்டையிலிருந்து விடியற்காலையில் ஆவி எழுகின்றது. உருத்திரங்கண்ணனார் இணைத்த இரு பொருள்களும் அங்கே ஒரு கொடியிற் கிடக்கின்றன. இன்றைய கவிஞரோ சன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.